பிரஷ் அக்கா

சென்னையில் மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் மாடிப் போர்ஷன் ஒன்றில் 'பிரைடல் மேக்கப்' போர்டு தொங்கும். அங்கே இருப்பவர்தான் பிரஷ் அக்கா. பி.காம்.மோ பி.இ.யோ முடித்திருப்பார். அந்தச் சான்றிதழ் எங்கே என்று கேட்டால் பீரோவைக் குடைந்துதான் பதில் வரும். கன்சீலர் பிரஷ் எங்கே என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்: மேல் தட்டு, நீல டவல், இடமிருந்து நான்காவது.

காலை ஆறு மணி முகூர்த்தம் என்றால் அக்கா விடியற்காலை மூன்றுக்கே மணமகள் அறைக் கதவைத் தட்டியாக வேண்டும். தாலி ஏறியதும் ஊரே பந்திக்கு ஓடும். அக்கா வீட்டுக்கு ஓடுவார். கண் சொருகும், கால் பின்னும். ஆனாலும் நேரே குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். குளிக்கப் போவது அவரல்ல.

முதல் சண்டை தண்ணீரில் தொடங்கும். அந்தப் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம். கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த தண்ணீரில் நுரை எழும்பாது. சோப்பு வெள்ளைப் படிவாக முடியிலேயே தங்கிவிடும். காய்ந்ததும் பிரஷ் விறைத்துக்கொண்டு கன்னத்தைக் குத்தும். அதனால் முதல் அலசல் குழாயில், கடைசி அலசல் 20 லிட்டர் கேனில்.

"ஏண்டி, அது குடிக்கிற தண்ணிடி! நாங்கல்லாம் உப்புத் தண்ணில தலைக்கு ஊத்தி முடி கொட்டி நிக்கிறோம். ஆட்டு முடிக்குக் கேன் தண்ணி கேக்குதா?" என்பார் அம்மா.

"உன் முடி கொட்டினா மறுபடி முளைக்கும்மா. இது முளைக்காது."

முறையில் அக்கா கறார். தண்ணீர் வெதுவெதுப்புக்கு மேல் போகக் கூடாது. உள்ளங்கையில் ஒரு சொட்டு குழந்தை ஷாம்பூ. அதில் பிரஷை வட்டமாகச் சுழற்ற வேண்டும். கலங்கல் வடிந்து தெளிந்த தண்ணீர் வரும்வரை அலச வேண்டும். பிரஷின் தலை எப்போதும் கீழ்நோக்கியே இருக்கும். முடியையும் கைப்பிடியையும் சேர்த்துப் பிடித்திருக்கும் உலோகப் பூணுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டால் உள்ளே இருக்கும் பசை இளகும். அப்புறம் ஒவ்வொரு முடியாகக் கழன்று, அட்சதை விழும் நேரம் பார்த்து மணப்பெண்ணின் இமையில் ஒட்டிக்கொள்ளும். போட்டோகிராபர் அதைத்தான் குளோசப்பில் எடுப்பார்.

பவுடருக்கான ஆட்டு முடி பிரஷுக்கும் அணில் முடி பிரஷுக்கும் ஷாம்பூ. அவையும் முடிதானே, கடுமையான சோப்பு பட்டால் வறண்டு உடையும். ஃபவுண்டேஷன் தடவும் செயற்கை இழை பிரஷுக்குப் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு. எண்ணெய்ப் பிசுக்கு அதற்குத்தான் கட்டுப்படும். அடுக்களையில் லிக்விட் சீக்கிரம் தீர்ந்துபோவதன் ரகசியம் இதுதான். பழி வேலைக்கார அம்மாவின் தலையில் விழும்.

இந்த நுணுக்கமெல்லாம் ஊரிலிருந்து வரும் பெரியம்மாவுக்குத் தெரியாது. "கொதிக்கிற தண்ணில போட்டு எடுத்தா கிருமியெல்லாம் செத்துடும் கண்ணு" என்று ஒரு நாள் உதவி செய்துவிட்டார். கிருமி செத்ததா தெரியாது. பசை உருகி, ஒரு கிண்ணத்தில் முடி, இன்னொன்றில் குச்சி என்று வகை பிரித்து வைத்திருந்தார். அக்கா அன்று பகல் முழுவதும் சாப்பிடவில்லை. துக்கம் விசாரிக்க உதவியாளர் பெண் மட்டும் வந்து போனாள்.

அடுத்தது காயவைத்தல். டம்ளரில் நிற்கவைத்தால் ஈரம் பூணுக்குள் இறங்கும். ஹேர் டிரையர் காட்டினால் முடி முறுக்கிக்கொள்ளும். ஆகவே மேசை ஓரத்தில் டவல் விரித்து, தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி படுக்கவைப்பார். பாட்டி ஒரு தடவை நல்லெண்ணத்தில் அத்தனையையும் மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய் வடாத்தோடு வெயிலில் பரப்பினார். வடாத்துக்குக் காவல் இருந்த பாட்டி பிரஷுக்கு இருக்கவில்லை. ஒரு ஐஷேடோ பிரஷ் காக்கைக் கூட்டுக்குக் குடிபோயிற்று.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் வீட்டு ஆண்கள் பாடு திண்டாட்டம். வெளியே அடைமழை, உள்ளே வரிசையாக முகூர்த்தம். ஹால் மின்விசிறி பிரஷுக்கு என்று ஒதுக்கப்படும். அதன் கீழே யாரும் உட்காரக் கூடாது, செய்தித்தாள் பிரிக்கக் கூடாது, தும்மவே கூடாது.

அப்பா ஒரு நாள் பொறுமை இழந்து, தன் ஷேவிங் பிரஷை எந்த ஷாம்பூவும் தொட்டதில்லை என்று பெருமையடித்துக்கொண்டார். அக்கா காத்திருந்தது அதற்குத்தான். முதல் உலகப் போர்க் காலத்தில் பேட்ஜர் முடிக்குத் தட்டுப்பாடு வந்து, குதிரை முடியில் ஷேவிங் பிரஷ் செய்தார்கள். சரியாகச் சுத்திகரிக்காத முடியிலிருந்து பிரிட்டிஷ், அமெரிக்கச் சிப்பாய்கள் பலருக்கு ஆந்த்ராக்ஸ் தொற்றியது. அதைக் கேட்ட அப்பா, "நான் சிப்பாய் இல்லையே" என்றார். ஆனால் மறுநாள் காலை அந்த பிரஷ் கழுவப்பட்டு, மேசை ஓரத்தில் மற்றவற்றோடு தலையை நீட்டிப் படுத்திருந்தது.

அக்காவின் வாயில் புள்ளிவிவரமும் தயாராக இருக்கும். பிரிட்டனின் ஆஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் திரட்டிய மேக்கப் ஸ்பாஞ்சுகளில் 93 சதவீதம் ஒரு தடவைகூடக் கழுவப்படாதவை. 64 சதவீதம் எப்போதாவது தரையில் விழுந்தவை. எதிர் போர்ஷன் பெண் லிப்ஸ்டிக் வாங்கினேன் என்று காட்ட வந்தால்கூட இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

மண்டபத்தில்தான் இவருக்கு உண்மையான சோதனை. பெண்ணுக்கு அலங்காரம் முடிவதற்குள் சித்தி, அத்தை, நாத்தனார் என்று ஒரு வரிசை நிற்கும். "எனக்கு ஒண்ணும் பெருசா வேணாம்மா, அதே பிரஷ்ல லேசா ஒரு இழுப்பு." ஒருவர் இமையைத் தொட்ட பிரஷ் கழுவாமல் இன்னொருவர் இமைக்குப் போனால் கண் தொற்றும் கூடவே போகலாம். இதை மண்டபத்தில் வகுப்பெடுத்து விளக்க முடியுமா? அக்கா குரலைத் தாழ்த்தி, "தாராளமா வாங்க சித்தி. காலைல ஒருத்தருக்கு மெட்ராஸ் ஐ மாதிரி இருந்துச்சு, அவங்களுக்குப் போட்டதுதான் இது" என்பார். வரிசை கலைந்துவிடும். அசையாமல் நிற்கும் அத்தைகளுக்கென்று தனியாக ஒரு பழைய செட் பையின் அடியில் உண்டு. அதுவும் கழுவியதுதான்; 70 சதவீத ஆல்கஹால் தெளித்துத் துடைத்தபிறகே அடுத்த அத்தையின் முகத்துக்குப் போகும். தெளிப்பதெல்லாம் அவசரத்துக்குத்தான், ஷாம்பூவுக்கு ஈடாகாது என்பதில் அக்கா உறுதி.

இத்தனை செய்பவருக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஜப்பானில் ஹிரோஷிமா மாகாணத்துக் குமானோ என்ற சிற்றூர் பிரஷுக்குப் பேர்போனது. 2011இல் உலகக் கோப்பை வென்ற ஜப்பான் மகளிர் கால்பந்து அணிக்கு, மக்கள் கௌரவ விருதோடு அந்நாட்டு அரசு பரிசாகக் கொடுத்தது குமானோ மேக்கப் பிரஷ்களைத்தான். வெளிநாட்டிலிருந்து வந்த தம்பி வாங்கிக் கொடுத்த குமானோ பிரஷ் ஒன்று அக்காவிடமும் இருக்கிறது. இன்றுவரை அது யார் முகத்திலும் பட்டதில்லை. பட்டால் கழுவ வேண்டி வருமே!

ஆடி வந்தால் முகூர்த்தம் கிடையாது. பை காலியாகும், தேய்ந்தவை கழிக்கப்படும், மூன்று மாதத்தைத் தாண்டிய ஸ்பாஞ்சுகள் குப்பைக்குப் போகும். அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் பிரஷ்களையும் கொண்டுவந்து நீட்டி, "உங்களோடதோட சேர்த்து அலசிடுங்களேன் அக்கா" என்பார்கள். வாங்கிய நாள்முதல் கழுவாதவை. வீட்டில் உபயோகிப்பவர்கள் ஏழிலிருந்து பத்து நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்பது அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கத்தின் யோசனை. அக்கா அதைச் சொல்லித் திட்டிக்கொண்டே கழுவித் தருவார். ஷாம்பூவுக்குக் காசு வாங்க மாட்டார், கேன் தண்ணீருக்கு வாங்கிவிடுவார்.

ஆவணியில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் மேக்கப்புக்கு ஆள் பேசப் போகும்போது, போன் ஆல்பத்தில் இருக்கும் மணப்பெண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். முதலில் பிரஷ் பையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். "கையைக் கழுவிட்டு வந்து தொடுங்க" என்று அதட்டினால் அங்கேயே அட்வான்ஸைக் கொடுத்துவிடலாம்.