லேசா ஹேஸ் இருக்கு சார்

பழைய லென்ஸ் விற்பவர் எதிரில் டார்ச்சை எடுத்துப் பாருங்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் ஜாதகத்தோடு ரத்தப் பரிசோதனைச் சீட்டும் கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். பிறகு, "லேசா ஹேஸ் இருக்கு சார், படத்துல தெரியாது" என்பார்.

என் கைக்கு வந்தது ஹீலியோஸ் 44-2. 58 மி.மீ., எஃப்/2. ஜெர்மனியின் ஸைஸ் பயோட்டாரைப் பார்த்துச் சோவியத்துக்காரர்கள் செய்தது. அவர்களுடைய லென்ஸ்களில் வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் தயாரித்த ஆண்டைச் சொல்லும்; என்னுடையது 78. அப்போதைய தலைவர் பிரெஷ்னேவ் போனார், சோவியத் ஒன்றியமும் போனது, கிரீஸ் மட்டும் போகவில்லை. ஃபோகஸ் மரையில் தடவிய அந்த கிரீஸ் சூட்டுக்கு இளகி, எண்ணெய் ஆவியாகி, அப்பர்ச்சர் இதழ்களுக்கு முன்னும் பின்னும் உள்ள கண்ணாடியில் படலமாக உட்கார்ந்துவிடும்; அதுதான் ஹேஸ். ஃபங்கஸாவது நூல் நூலாகக் கிளைவிட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஹேஸுக்கு அந்த நேர்மை கிடையாது. டார்ச் அடித்தால்தான் வெளுப்பு தெரியும்.

வெயில் முதுகுப்பக்கம் இருந்தவரை படங்கள் ஒழுங்காகவே வந்தன. எதிர்வெளிச்சத்தில்தான் கறுப்பெல்லாம் சாம்பலாகி, வெள்ளையெல்லாம் வழிந்தது. அப்படியொரு ஜன்னலோரத்தில் அத்தை உட்கார்ந்திருந்தார். படத்தில் கண்ணோரச் சுருக்கத்தைக் காணோம். "கேமரான்னா இதுடா!" என்றார். என் புது லென்ஸ் எடுத்த படத்தை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

அத்தை ரசனையில் குறை சொல்ல முடியாது. அந்தக்கால ஹாலிவுட்டில் கதாநாயகியின் குளோசப்புக்கு ஃபில்டரில் வாசலின் தடவியிருக்கிறார்கள். இன்று அதே மாதிரி விளைவுக்கு பிளாக் ப்ரோ-மிஸ்ட் ஃபில்டரைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஒரே வித்தியாசம், அதை வேண்டாதபோது கழற்றிவிடலாம்.

டார்ச் அடித்துப் பார்த்தவனுக்கோ தூக்கம் வராது. முன்பக்கப் பெயர் வளையத்தை ரப்பர் மூடியால் அழுத்தித் திருகி எடுத்து, கண்ணாடித் தொகுதியை வெளியே கொண்டுவந்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த லென்ஸ் டிஷ்யூவால் துடைத்தேன். வெறும் எண்ணெய்ப் படலம், விட்டுப்போனது. வருஷக்கணக்கில் கிடந்து கண்ணாடியையே அரித்திருந்தால் எதற்கும் மசியாது; கேனனின் பழைய ஸ்க்ரூ மவுண்ட் 50 மி.மீ. எஃப்/1.8 இதற்குப் பேர்போனது. அதிலும் 'லேசா'தான் இருக்கும், விற்பவர் வாயில்.

துடைத்த லென்ஸில் அத்தையை எடுத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"என்னடா பண்ணினே இதை?"

"உள்ளே எண்ணெய் படிஞ்சிருந்தது அத்தை. துடைச்சுட்டேன்."

"உன்னை யாருடா துடைக்கச் சொன்னா?" என்றவர், சற்று யோசித்து, "நம்ம தேங்காயெண்ணெய் ஒத்துக்குமா பாரேன்" என்றார்.