ஸ்கோர் கேட்கக் கூடாது

மகளை டீ பால் என்கிற பொடிசுகள் பேஸ்பாலில் சேர்த்துவிட்டதும் லீக்கிலிருந்து விதிமுறைகள் வந்து சேர்ந்தன. ஐந்து வயதுக் குழந்தைகள் ஆடுகிற ஆட்டத்துக்கு அப்படி என்ன விதி இருந்துவிடப் போகிறது என்று திறந்து பார்த்தேன். குழந்தை செய்ய வேண்டியதெல்லாம் முதல் பக்கத்திலேயே முடிந்துவிட்டது. மிச்சப் பக்கங்கள் முழுக்க என்னைப் பற்றி. வேலிக்கு அந்தப் பக்கம்தான் உட்கார வேண்டும். கோச்சுக்கு யோசனை சொல்லக் கூடாது. எதிரணிக் குழந்தை பந்தைத் தவறவிட்டால் கைதட்டக் கூடாது. பீர் கூடாது, சிகரெட் கூடாது, நாய் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்கோர் என்ன என்று யாரையும் கேட்கக் கூடாது, ஏனென்றால் ஸ்கோரே கிடையாது. அடியில் கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தது. என் கையெழுத்துக்குத்தான். மகளை யாரும் எதற்கும் உறுதிமொழி கேட்கவில்லை.

நியூ ஜெர்சியில் ஏப்ரல் வந்தால் ஊருக்கு ஊர் இந்தக் கூத்துதான். சனிக்கிழமை காலையில் எந்தப் பூங்காவைத் தாண்டினாலும், தலையைவிடப் பெரிய ஹெல்மெட்டோடு பொடிசுகள் வட்டம் போட்டுக்கொண்டிருக்கும். எங்கள் பக்கத்தில் அதில் பாதிக்கு மேல் நம்மூர்ப் பிள்ளைகள். சட்டையின் முதுகில் பெயர் அடிக்கக் கொடுத்தால் அடிப்பவர் ஒவ்வொரு எழுத்துக்கும் காசு கேட்கிறார். வெங்கடசுப்பிரமணியன் குடும்பம் 'வெங்கட்' என்று நிறுத்திக்கொண்டது.

டீ பாலில் பந்து போட ஆள் கிடையாது. ஹோம் பிளேட்டில் இடுப்புயரத்துக்கு ஒரு ரப்பர்த் தண்டு நிற்கும். அதன் தலையில் பந்தை வைத்துவிடுவார்கள். குழந்தை அதை அடிக்க வேண்டும். எத்தனை முறை தவறவிட்டாலும் அவுட் இல்லை. பந்துக்குப் பதிலாகத் தண்டை அடித்தாலும் அவுட் இல்லை, எடுத்து நிறுத்திவிட்டு மறுபடியும் அடிக்கலாம். ஹோம் பிளேட்டுக்கு முன்னால் சுண்ணாம்பில் ஒரு வளைவு போட்டிருக்கும். அதைத் தாண்டி உருண்டால்தான் அடி செல்லும். மற்ற ஊர்களில் எப்படியோ, எங்கள் லீக்கில் எதிரணி பந்தைப் பிடித்துவிட்டாலும் ஓடியவர் பேஸிலேயே நின்றுகொள்ளலாம். ஓர் அடிக்கு ஒரு பேஸ்தான் நகரலாம். அணியில் இருக்கிற அத்தனை பேரும் அடித்து முடித்தால் ஓர் இன்னிங்ஸ். கடைசியாக அடிப்பவருக்கு மட்டும் ராஜ மரியாதை: அவர் எவ்வளவு சின்னதாகத் தட்டினாலும் அது ஹோம் ரன். அவரும், பேஸ்களில் நிற்கிற எல்லோரும் ஓடி வந்து வீடு சேரலாம்.

திருச்சியில் நாங்கள் தெருவில் கிரிக்கெட் ஆடினபோதும் விதிகளுக்குப் பஞ்சமில்லை. ஒன் பிட்ச் கேட்ச் பிடித்தால் அவுட். வக்கீல் வீட்டுக் காம்பவுண்டைத் தாண்டினால் அவுட், அடித்தவனே ஏறிக் குதித்து எடுத்து வர வேண்டும். பேட் யாருடையதோ அவனுக்கு முதல் பேட்டிங். யாருடைய தம்பியாவது அழுதுகொண்டே வந்து நின்றால் அவன் ஒப்புக்குச் சப்பாணி. ரெண்டு பந்து மெதுவாகப் போடுவோம், அவன் அவுட் ஆனாலும் ஆகவில்லை என்று சொல்லிவிடுவோம். இதையெல்லாம் எந்தப் பெரியவரும் எழுதித் தரவில்லை. பெரியவர்கள் எங்கள் ஆட்டத்துக்கு வந்ததே பந்தைப் பிடுங்கிக்கொள்வதற்காகத்தான். இங்கே அணி முழுக்க ஒப்புக்குச் சப்பாணிகளைச் சேர்த்து, அதற்கு வக்கீல் வைத்து விதியும் எழுதி, சுற்றிலும் நாற்காலி போட்டுப் பெரியவர்களை உட்கார வைத்துவிட்டார்கள். பிரச்சினை எங்கிருந்து வரும் என்று தெரிந்துதான் முதல் பக்கத்துக்குப் பிறகு எங்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

குழந்தைகளுக்கு விதி ஒரு பொருட்டே இல்லை. பந்து உருண்டால் களத்தில் இருக்கிற பன்னிரண்டும், சிதறுகாய் பொறுக்க விழுகிற கூட்டம் போல அதன் மேல் விழும். சொந்த அணிக்காரர்களே ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். பந்து கையில் சிக்கியவர் அதை யாரிடமும் எறிய மாட்டார். கஷ்டப்பட்டுக் கிடைத்தது, எதற்காகக் கொடுக்க வேண்டும்? தூரத்துப் புல்லில் நிறுத்தப்பட்டவர்கள் மஞ்சள் பூ பறிப்பார்கள், கிளவுஸைத் தலையில் கவிழ்த்துக்கொள்வார்கள், விமானம் போனால் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். ஒரு பையன் அடித்துவிட்டு முதல் பேஸுக்குப் பதிலாக நேராக மூன்றாவது பேஸுக்கு ஓடினான். அங்கே அவன் நண்பன் நின்றுகொண்டிருந்தான், அவ்வளவுதான் காரணம். கோச் போய் மண்டியிட்டு விளக்கினார். பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆனா நிழல் இங்கதானே இருக்கு" என்றான்.

என் மகளின் சிக்கல் வேறு. அடித்ததும் பேட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு ஓடுவாள். பேஸ்பாலில் பேட்டைக் கீழே போட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். விசிறி எறியவும் கூடாது. அடுத்து ஆட வேண்டிய குழந்தை தன் முறை வரும்வரை பேட்டைக் கையில் எடுக்கவே கூடாது என்று தனியாக ஒரு விதி இருக்கிறது, யார் மண்டை எப்போது எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாத வயது அல்லவா? இவளோ பேஸ் நெருங்கியதும் குனிந்து பேட்டை நீட்டி வைப்பாள். கோச்சுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. முந்தின வாரம் முழுக்க வீட்டு வாசலில் பயிற்சி கொடுத்தவர் என் அப்பா.

அப்பா ஆறு மாத விசாவில் வந்திருந்தார். கூட்டுறவு வங்கியில் ஆடிட் பார்த்து ஓய்வு பெற்றவர். ஸ்கோர் கிடையாது என்று சொன்னதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"கணக்கு இல்லாத ஆட்டமா? அப்புறம் எதுக்குடா ஓடறதுங்க?"

"உடம்புக்கு நல்லதுப்பா."

"அதுக்கு பேட் எதுக்கு?"

என் மனைவி, "மாமா, இங்க ஸ்கோர் எழுதக் கூடாதுன்னு நாங்க கையெழுத்துப் போட்டிருக்கோம்" என்று சொல்லிப் பார்த்தாள். "நீங்க போட்டிருக்கீங்க. நான் போடலியேம்மா" என்றார். ஆடிட்டர் மூளை. மறு சனிக்கிழமை மடக்கு நாற்காலியில் மங்கிக் குல்லாயோடு உட்கார்ந்து, மருந்துக்கடை ரசீதின் பின்பக்கத்தில் பென்சிலால் கோடு போட ஆரம்பித்துவிட்டார். இந்த ஊரில் ஒரு பற்பசை வாங்கினால் கொடுக்கிற ரசீதில் ஒரு சீசன் கணக்கையே எழுதிவிடலாம்.

ஆட்டம் முடிந்ததும் பக்கத்து நாற்காலிக்காரர் மெல்லச் சாய்ந்தார். ஆறடி மூன்றங்குலம், தீயணைப்புத் துறையில் வேலை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கிசுகிசுப்பாக, "தாத்தா, எவ்வளவு?" என்றார். அவருக்குத் தமிழில் தெரிந்த ஒரே வார்த்தை தாத்தா, என் மகளிடமிருந்து கற்றது. அப்பா ரசீதைக் காட்டினார். தீயணைப்புக்காரர் முகம் மலர்ந்தது. அடுத்த வாரம் எதிரணி அம்மா ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். அதற்கடுத்த வாரம் கோச்சே தண்ணீர் குடிக்கிற சாக்கில் வந்து நின்றார். கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் அப்பாவைச் சுற்றித்தான் இருந்தார்கள்.

ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டு மேஜையில் ரசீதை விரித்து வைத்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். "டேய், இதுல ஒரு விஷயம் இருக்கு. நம்ம பக்கம் பதினொண்ணு பேர், அவங்க பக்கம் ஒன்பது. ரெண்டு இன்னிங்ஸ். இருபத்திரெண்டு, பதினெட்டு. அதுக்கு முந்தின வாரம் நம்ம பத்து, அவங்க பன்னெண்டு. இருபது, இருபத்திநாலு. யாரும் அவுட் கிடையாது, கடைசி ஆள் எல்லாரையும் கூட்டிட்டு வந்துடறான். அப்ப ஆள் எத்தனையோ அத்தனை ரன். இது ஸ்கோர் இல்லடா, அட்டெண்டன்ஸ்!"

அந்த வாரத்திலிருந்து அவருக்கு ஆட்டத்தில் பிடிப்பு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலமே, அணியில் யாருக்கெல்லாம் சளி என்று விசாரிப்பார். தீயணைப்புக்காரரின் பையனுக்கு இருமல் என்றதும் சுக்குக் கஷாயம் கொடுத்தனுப்பட்டுமா என்று கேட்டார். வெற்றிக்கு இதைவிட நம்பகமான வழி எந்தக் கோச்சுக்கும் தெரியாது.

இந்தச் சிறுவர் பேஸ்பால் தொடங்கியதே வீட்டுப் பெரியவர் ஒருவரால்தான். பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட் ஊரில் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர், 1938ல் உறவுக்காரப் பையன்கள் இரண்டு பேரோடு வீட்டுப் புறக்கடையில் பந்து விளையாடிக்கொண்டிருந்தபோது, பந்தைத் துரத்திப் போய் ஒரு செடியில் கணுக்காலைச் சிராய்த்துக்கொண்டார். பையன்களுக்கு ஏற்ற அளவில் ஓர் ஆட்டம் அமைத்துத் தந்தால் என்ன என்று உட்கார்ந்து யோசித்தார். பெரியவர்களுக்கு பேஸுக்கு பேஸ் 90 அடி, இவர் 60 அடியாகக் குறைத்தார். 1939 ஜூனில் மூன்றே அணிகளோடு லிட்டில் லீக் பிறந்தது. முதல் ஆட்டத்தின் ஸ்கோர் 23க்கு 8. அன்று எழுதி வைத்திருக்கிறார்கள் பாருங்கள். அப்பாவிடம் சொன்னபோது, "அதானே!" என்றார். பிறகு லீக் பெரிதாகி, நிர்வாகம் வந்து, 1955ல் நிர்வாகத்துக்கும் ஸ்டாட்ஸுக்கும் கோர்ட் வழக்கு வரை போய், தொடங்கியவரே வெளியேறும்படி ஆயிற்று. பையன்கள் அப்போதும் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

பெண் குழந்தைகள் ஆட முடிந்ததும் பெரியவர்களோடு மல்லுக்கட்டித்தான். 1950ல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு சிறுமி சடையை வெட்டிக்கொண்டு பையன் போலப் பெயர் சொல்லி ஆடினாள். நன்றாகவும் ஆடினாள். மறு வருடமே பெண்கள் ஆடக் கூடாது என்று ஒரு விதி வந்தது. 1972ல் எங்கள் நியூ ஜெர்சியின் ஹோபோக்கனில் மரியா பெப்பே என்ற பன்னிரண்டு வயதுப் பெண் மூன்று ஆட்டம் ஆடினாள். அதற்குள் மேலிடத்திலிருந்து மிரட்டல் வந்து அவளை நிறுத்திவிட்டார்கள். வழக்கு நடந்து, 1974ல் கதவு திறந்தது. அதற்குள் அவளுக்கு ஆடுகிற வயது தாண்டிவிட்டது. என் மகள் பேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஓட்டத்துக்கு அந்தப் பெண் கொடுத்த விலை அது. கோச் கோபித்துக்கொள்ளாமல் இருந்தால் அந்த ஓட்டத்தை நான் மாற்றவே மாட்டேன்.

பெரியவர்களின் சேஷ்டை அதோடு நிற்கவில்லை. 2001ல் பிராங்க்ஸ் அணி ஒன்று லிட்டில் லீக் உலகத் தொடரில் மூன்றாம் இடம் வந்தது. அதன் பந்துவீச்சாளப் பையன் போட்ட பந்தை யாராலும் தொட முடியவில்லை. பிறகுதான் தெரிந்தது, பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் அவனுக்கு வயது பதினான்கு. பிறப்புச் சான்றிதழைத் திருத்தியது பையன் இல்லை, பெரியவர்கள். நம்மூரில் ஸ்கூலில் சேர்க்கிறபோது ஹெட்மாஸ்டர் போட்ட தேதியையே பிறந்தநாளாகக் கொண்டாடி வளர்ந்த தலைமுறைக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அப்பாவுக்கே ரெண்டு பிறந்தநாள். ஒன்று பாயசத்துக்கு, மற்றது பென்ஷனுக்கு.

2007ல் லிட்டில் லீக்கில் பந்து எண்ணும் விதி வந்தது. இப்போது ஏழெட்டு வயதுக்காரர் ஒரு நாளைக்கு 50 பந்துக்கு மேல் வீசக் கூடாது. ஒன்பது பத்துக்கு 75, பதினொன்று பன்னிரண்டுக்கு 85. வளர்கிற முழங்கை தாங்காது என்று டாக்டர்கள் சொன்னதால் வந்த விதி. எட்டு வயதுப் பையன் எங்கேயாவது "இன்னும் முப்பது பந்து போடுகிறேன்" என்று அடம் பிடிப்பானா? அவன் ஐஸ்கிரீம் வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பான். அடம் பிடிக்கிறவர் வேலிக்குப் பின்னால் இருப்பார். எங்கள் மாநிலத்திலேயே டெப்ட்ஃபர்ட் என்ற ஊரின் லீக், 2023ல் இதற்கெல்லாம் ஒரே மருந்தாக ஒரு விதி போட்டது: அம்பயரைத் திட்டுகிற பெற்றோர் மூன்று ஆட்டத்துக்கு அம்பயராக நின்றுவிட்டுத்தான் திரும்ப வந்து உட்காரலாம். நான் படித்த விதிகளிலேயே இதுதான் உத்தமமான விதி. பார்லிமெண்டிலும் போடலாம்.

எங்கள் லீக்கில் குழந்தைகள் மனப்பாடமாக அறிந்த விதி ஒன்றே ஒன்று: ஆட்டம் முடிந்ததும் தின்பண்டம் உண்டு. வாரம் ஒரு குடும்பம் முறை வைத்துக் கொண்டு வர வேண்டும். ஜூஸ் பாக்கெட், ஆரஞ்சுச் சுளை, சிப்ஸ். வேர்க்கடலை சேர்ந்த எதுவும் ஆகாது. எங்கள் முறை வந்தபோது மனைவி தேன்குழல் சுற்றிக்கொண்டு போனாள். எதில் செய்தது, எந்த எண்ணெயில் பொரித்தது என்று பெற்றோர் விசாரித்து முடிப்பதற்குள் டப்பா காலி. இரண்டு அணியும் வரிசையாக நின்று கைகுலுக்கி முடித்தபிறகு ஒரு பொடியன் கோச்சிடம் கேட்டான், "நாம ஜெயிச்சோமா?" கோச் விதிப்படி, "எல்லாரும் ஜாலியா ஆடினோம்ல?" என்றார். பையன் அவரை நம்பாமல் நேராக என் அப்பாவிடம் போய்விட்டான்.

இந்த நாட்டில் நாலைந்து வயதுப் பிள்ளை வைத்திருப்பவர்கள் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். மழை பெய்தால் ஆட்டம் ரத்து, மற்றபடி கெடுதல் ஒன்றும் இல்லை. ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார முடியாது என்று தோன்றினால், கோச்சாகப் பெயர் கொடுத்துவிடுங்கள். எந்த லீக்கிலும் ஆள் பற்றாக்குறைதான். பின்னணிச் சோதனை நடத்துவார்கள், அதில் தேற வேண்டும். மற்றபடி பேஸ்பால் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, ஷூ லேஸ் கட்டத் தெரிந்தால் போதும்.