கிளீவ்லாந்தில் நாளை மழை

தொலைக்காட்சி பார்ப்போரை இரு வகையாகப் பிரிக்கலாம். நிகழ்ச்சியைப் பார்ப்பதற்காகப் பெட்டியின் முன் அமர்வோர் முதல் வகையினர். அந்நிகழ்ச்சி எந்த ஊரிலிருந்து வருகிறது என்று அறிவதற்காக மட்டுமே அமர்ந்து, ஊர்ப்பெயர் தெரிந்த கணமே அதை விட்டு அதைவிடத் தொலைவான ஊரைத் தேடப் புறப்படுவோர் இரண்டாம் வகையினர். இவ்விரண்டாம் வகையினர் எண்ணிக்கையில் மிகக் குறைவு எனினும், வீட்டுக் கூரைமேல் அவர்கள் ஏற்றிவைக்கும் அலுமினியத்தைக் கணக்கில் கொண்டால் அவர்களைச் சிறுபான்மையினர் என்று ஒதுக்கிவிட முடியாது. கம்பிவட இணைப்போ இணையமோ இன்றி, வெறும் ஆன்டெனாவைக் கொண்டு, தமக்கெனச் செலுத்தப்படாத தொலைதூர அலைகளைப் பிடிக்கும் இப்பொழுதுபோக்கு டிவி டிஎக்ஸ் எனப்படுகிறது. இதில் ‘டிஎக்ஸ்’ என்பது தொலைவைக் குறிக்கத் தந்திக்காரர்கள் வழங்கிய சுருக்கம்.

வட அமெரிக்காவின் பேரேரிப் பகுதியே இக்கலைக்கு உகந்த நிலம். கனடாவின் டொரண்டோ நகரத்தார் தொலைக்காட்சியை அறிந்ததே அயல்நாட்டு அலையின் வழியாகத்தான்: ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், எல்லைக்கு அப்பால் உள்ள பஃபலோவில் டபிள்யூபிஇஎன் நிலையம் 1948 மே மாதத்தில் ஒளிபரப்பைத் தொடங்கிவிட, டொரண்டோவின் சொந்த நிலையமான சிபிஎல்டி 1952 செப்டம்பரில்தான் பிறந்தது. இடைப்பட்ட நான்காண்டுகளில் அந்நகரத்தில் தொலைக்காட்சி வாங்கியவர் எவரும் ஆன்டெனாவைத் தெற்கு நோக்கியே நிறுத்தினார். இன்றும் அப்பழக்கத்துக்கு ஒரு நியாயம் உண்டு. ஒரே நிகழ்ச்சி இரு நாட்டு நிலையங்களிலும் ஒரே நேரத்தில் வருமாயின், கம்பிவட நிறுவனங்கள் அமெரிக்க நிலையத்தின் இடத்தில் கனடிய விளம்பரங்கள் அடங்கிய ஒளிபரப்பைப் புகுத்த வேண்டும் என்பது கனடாவின் விதி. சூப்பர் பவுல் எனப்படும் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் இடையே வரும் புகழ்பெற்ற விளம்பரங்களை அதனால் இழக்கும் கனடியர், ஆன்டெனா வைத்தால் அவற்றைக் குறைவின்றிக் காணலாம். உலகில் மற்றெல்லாரும் விளம்பரத்திலிருந்து தப்பிக்கச் செலவழிக்க, விளம்பரம் பார்ப்பதற்காகக் கூரையேறும் மக்கள் இவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் பஃபலோவைப் பிடிப்பது வேட்டை ஆகாது. அது அண்டை வீட்டு முருங்கையில் காய் பறிப்பது. முறையான வேட்டைக்காரர் நாடுவது சுமார் 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கிளீவ்லாந்தையோ, அதற்கும் அப்பாலுள்ள ஓர் ஊரையோதான். அதற்குத் தடையாக நிற்பது பூமியின் உருண்டை வடிவம். 300 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து புறப்படும் அலை, 10 மீட்டர் உயரத்தில் உள்ள ஆன்டெனாவை அடைவதற்கு, வளிமண்டலம் இயல்பாகச் செய்யும் சிறு வளைப்பையும் சேர்த்து, 85 கிலோமீட்டர் அளவே எல்லை. அதற்கு வெகுவாக அப்பால் செல்ல வேண்டுமாயின் வானிலை உதவ வேண்டும். வழக்கமாக உயரம் கூடக்கூடக் காற்று குளிரும். காற்றோட்டம் அடங்கிய கோடை இரவுகளில் ஏரிப் பரப்பையொட்டிய குளிர்ந்த காற்றின்மேல் வெதுவெதுப்பான காற்று போர்வையாகப் படியும்போது இவ்வொழுங்கு தலைகீழாகிறது. அவ்விரு அடுக்குகளுக்கிடையே அகப்படும் அலை மேலே தப்பிச் செல்லாமல் பூமியின் வளைவை ஒட்டியே நெடுந்தூரம் வழிநடத்தப்படுகிறது. அறிவியலாளர் இதை அடிவளிமண்டலக் குழாய்வழி என்பர். 1957-இல் இத்தகைய வழியொன்றின் மூலம் கலிபோர்னியாவிலும் ஹவாயிலும் இருந்த இரு தன்னார்வ வானொலியாளர்கள் பசிபிக் கடலைத் தாண்டி 4,000 கிலோமீட்டர் அளவில் தொடர்பு கொண்டனர். இக்காரணத்தால், ஊரார் அனைவரும் புழுக்கம் தாளாமல் விசிறிக்கொண்டு வானத்தைத் திட்டும் இரவில் ஒருவர் மட்டும் முகமலர்ச்சியோடு வாசலுக்கும் பெட்டிக்குமாக நடப்பாராயின், அவரது கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பது நலம்.

அமெரிக்காவின் முழுத்திறன் நிலையங்கள் அனைத்தும் 2009 ஜூன் 12-க்குள் பழைய ஒப்புமை முறையைக் கைவிட்டு எண்ணியல் முறைக்கு மாறின; கனடாவின் பெருநகரங்கள் 2011 ஆகஸ்ட் 31 அன்று அவ்வழியே சென்றன. இம்மாற்றம் வேட்டைக்காரரின் உள்ளத்தில் ஏற்படுத்திய விளைவு ஆராயத் தக்கது. ஒப்புமை முறையில், அலை வலுவிழந்தால் படமும் அதற்கேற்ப வலுவிழக்கும். புள்ளிமழைக்கு நடுவே ஒரு தலையும் இரு தோள்களும் தெரிந்தால் அதுவே வெற்றி. எண்ணியல் முறையிலோ, அலையின் வலிமை இரைச்சலைவிட ஏறத்தாழ 15 டெசிபெல் மிகுந்திருந்தால் படம் பளிங்குபோல் வரும், சற்றே குறைந்தால் அறவே வராது. இடைநிலை என ஒன்று இல்லாத இச்செங்குத்து வீழ்ச்சியைப் பொறியாளர்கள் மலைமுகட்டு விளைவு என்கின்றனர்.

இதன் முதற்பலி கூரைக்கும் கூடத்துக்கும் இடையே நிகழ்ந்துவந்த உரையாடல். 1982 பிப்ரவரியில் இலங்கை ரூபவாஹினி தொடங்கிய பின், அதைப் பிடிப்பதற்காகத் தென் தமிழகக் கரையோர மாவட்டங்களில் நெடுங்கம்பமும் பூஸ்டரும் நட்ட குடும்பங்களுக்கு அவ்வுரையாடல் மனப்பாடம்: மேலிருந்து “தெரியுதா?” என்ற வினா இறங்க, கீழிருந்து “புள்ளி புள்ளியா இருக்கு”, “ரெண்டு ரெண்டா தெரியுது”, “இப்ப பரவால்ல, அப்படியே பிடி” என்று படிப்படியாக விடைகள் ஏறும். எண்ணியல் காலத்தில் விடைகள் இரண்டே: “வந்துடுச்சு”, “போயிடுச்சு”. அவையும் காலந்தாழ்ந்தே ஏறுகின்றன. அலையை இனங்கண்டு படத்தைக் கட்டியெழுப்பக் கருவிக்குச் சில நொடிகள் தேவைப்படுவதால், கீழே இருப்பவர் “வந்துடுச்சு” என்று கூவும் வேளையில் மேலே இருப்பவர் ஆன்டெனாவை வேறொரு மாநிலத்துக்குத் திருப்பியிருப்பார்.

இவ்வேட்டையின் ஆயுதம் யாகி ஆன்டெனா. நடுத்தண்டில் குறுக்குக் கம்பிகள் வரிசையாகச் செருகப்பட்ட இவ்வடிவத்தை 1926-இல் ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் உதாவும் யாகியும் வெளியிட்டனர். உழைப்பில் பெரும்பங்கு உதாவுடையது என்பர். பெயரில் பெரும்பங்கு யாகிக்குப் போயிற்று. சொந்த நாடு இதைக் கண்டுகொள்ளவில்லை. 1942-இல் சிங்கப்பூரைக் கைப்பற்றிய ஜப்பானியப் படையினர், பிரிட்டிஷ் ராடார் குறிப்புகளில் ‘யாகி’ என்ற சொல்லைக் கண்டு பொருள் விளங்காமல் திகைத்து, அது தம் நாட்டவர் ஒருவரின் பெயர் என்பதைப் போர்க்கைதியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டனர் எனச் சொல்லப்படுகிறது.

வேட்டைக்காரரின் குடும்பத்தார் படும் பாட்டுக்கு மேற்கண்ட அறிவியலே காரணம் என்பதையும் நடுநிலையோடு பதிவுசெய்ய வேண்டும். ஒரே அலைவரிசை எண்ணைத் தொலைவிலுள்ள பல ஊர்கள் பகிர்ந்துகொள்கின்றன. வளிமண்டலக் குழாய்வழி திறந்துகொள்ளும் இரவில் தொலைதூர அலை உள்ளூர் அலையின்மேல் ஏறிக்கொள்ள, இரண்டுமே புரியாமல் கருவி திரையைக் கறுப்பாக்கிவிடுகிறது. இல்லத்தரசிக்கு வழக்கமான தொடர் வராத இரவும் இல்லத்தரசருக்கு வாழ்நாள் சாதனை வாய்க்கும் இரவும் ஒன்றாகவே அமைவது இயற்கையின் ஓரவஞ்சனை. அமெரிக்காவில் 2017-இல் நிறைவுற்ற அலைக்கற்றை ஏலத்தில் 70 மெகாஹெர்ட்ஸ் பரப்பு 1,900 கோடி டாலருக்கு மேற்பட்ட விலைக்குக் கைபேசி நிறுவனங்களுக்குப் போனபின், எஞ்சிய நிலையங்கள் 36-க்கு உட்பட்ட அலைவரிசைகளில் நெருக்கியடித்து அமர்ந்திருப்பதால் இம்மோதல்கள் மேலும் பெருகியுள்ளன. அதற்கு அடுத்த 37-ஆம் அலைவரிசை மட்டும் எந்தத் தொலைக்காட்சிக்கும் தரப்படாமல், விண்வெளியிலிருந்து வரும் அலைகளைக் கேட்கும் வானொலி வானியலாளர்களுக்கென நெடுங்காலமாக ஒதுக்கப்பட்டுள்ளது. அவர்களும் தமக்கெனச் செலுத்தப்படாத தொலைதூர அலைகளையே பிடிக்கின்றனர். வேறுபாடு என்னவெனில், அதற்கு அவர்களுக்குச் சம்பளம் உண்டு, வீட்டில் மரியாதையும் உண்டு.

பயனற்றது எனப் பழிக்கப்படும் இவ்வேலையால் ஒருமுறை வரலாறே பயன்பெற்றது. 1938 நவம்பரில் லண்டன் அலெக்சாண்ட்ரா அரண்மனையிலிருந்து பிபிசி செலுத்திய படம், மேல்வளிமண்டலத்தின் அயனி அடுக்கில் பட்டுத் திரும்பி, நியூயார்க் அருகே ஆர்சிஏ நிறுவனத்தின் ஏற்புக் கருவியில் விழ, அங்கிருந்த பொறியாளர்கள் திரையைத் திரைப்படக் கருவியால் பதிவுசெய்தனர். நேரடி ஒளிபரப்பைப் பதிந்துவைக்கும் வழக்கம் பிபிசியிடம் அன்று இல்லாமையால், போருக்கு முந்தைய அதன் நேரடி ஒளிபரப்பில் இன்று எஞ்சியிருப்பதாக அறியப்படுவது, தெளிவற்ற, ஒலியற்ற அந்தச் சில நிமிடங்களே.

சான்று என்பது இத்துறையில் எப்போதும் சிக்கலாகவே இருந்துவந்தது. ஹூஸ்டன் நகரின் கேஎல்இஇ நிலைய அடையாளம் 1953-இல் இங்கிலாந்துத் திரைகளில் தெரிந்ததாகச் செய்தி பரவிற்று. அந்நிலையம் 1950-இலேயே பெயர் மாற்றிக்கொண்டுவிட்டது என்பதால் அச்செய்தி பேய்க்கதையாக வளர்ந்து, இறுதியில் மோசடி என முடிவாயிற்று. எனவே ஒப்புமைக் காலத்து வேட்டைக்காரர், நிலையத்தின் ஒப்புதல் மடலைப் பெறுவதற்காக, எத்தனை மணிக்கு எந்த நிகழ்ச்சியில் யார் என்ன உடுத்தி எதைப் பேசினார் என்று எழுதியனுப்ப வேண்டியிருந்தது. அந்த அளவுக்கேனும் அவர் நிகழ்ச்சியைப் பார்த்தார். எண்ணியல் அலை தன் நிலையத்தின் பெயரைத் தன்னுள்ளேயே சுமந்து வருகிறது. கணினியோடு இணைந்த ஏற்புக் கருவி இரவு முழுவதும் அலைவரிசைகளைத் தானே துழாவி, அகப்பட்ட பெயர்களையும் தொலைவுகளையும் பட்டியலிட்டு வைக்க, உரிமையாளர் உறங்கி எழுந்து, கிளீவ்லாந்து வந்துபோன செய்தியைக் காலையில் வாசித்து மகிழ்கிறார். அப்பட்டியலில் நாள், நேரம், அலைவரிசை, நிலையம், ஊர், தொலைவு ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் உள்ளன. நிகழ்ச்சிக்குக் கட்டம் இல்லை.