விவரம் தெரிந்த அண்ணாச்சி

திங்கட்கிழமை மனு நாளில் எந்தக் கலெக்டர் அலுவலகத்து வேப்பமரத்தடியிலும் அவரைப் பார்க்கலாம். சட்டைப்பையில் இரண்டு பேனா, கையில் கோந்து, கக்கத்தில் ரெக்சின் பை. பைக்குள் அவருடைய காகிதம் ஒன்றுகூட இருக்காது, அத்தனையும் ஊரார் காகிதம். வாசல் காவலர் அவருக்கு வணக்கம் வைப்பார். அந்தக் காவலர் உள்ளே போகிற எல்லோருக்கும் வைப்பார்.

பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட கணவனை மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் முகாமுக்குக் கூட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தால், அவள் படியேறும் முன்பே அண்ணாச்சி விசாரணையைத் தொடங்கிவிடுவார்.

"கை கால் எப்படித் தங்கச்சி?"

"அதெல்லாம் நல்லாருக்கு அண்ணாச்சி. மறதிதான். சட்டுனு கோவமும் வருது."

"அடடா!" என்று உச்சுக்கொட்டுவார். ஒருவருடைய கை கால் நன்றாக இருப்பதற்கு மனப்பூர்வமாக வருந்தும் ஒரே மனிதர் அவர்தான்.

வருத்தத்துக்குக் காரணம் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. தலைக்காயத்துக்கு அதில் தனி வரி கிடையாது. கால் இழுத்தால் ஒரு வகை, பேச்சுக் குழறினால் இன்னொரு வகை, மனம் தடுமாறினால் மற்றொன்று. அடிபட்டது ஒரே மண்டைதான். அதைக் கூறுபோட்டு ஒவ்வொரு டாக்டரிடமும் காட்ட வேண்டும். அண்ணாச்சிக்கோ எல்லாம் குறைபாட்டின் சதவீதம்தான். "40 வந்தா மஞ்சள் அட்டை. 75 வந்தா மாசாமாசம் பராமரிப்புத் தொகை. 80 தொட்டா நீல அட்டை" என்று கிரிக்கெட் ஸ்கோர் போல ஒப்பிப்பார்.

அடுத்தது காகிதம். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி, விபத்து வழக்குக்கு எஃப்.ஐ.ஆர். நகல், எல்லாவற்றிலும் மூன்று ஜெராக்ஸ். மறதிக்கு உதவி கேட்டு வந்தவர் இத்தனையையும் மறக்காமல் கொண்டுவர வேண்டும். இணையத்தில் பதிவு செய்யும்போது ஓ.டி.பி. வரும். எந்த போனுக்கு? அவர் எங்கேயோ வைத்துவிட்டு வந்த போனுக்கு.

கடைசியாகப் பயிற்சி வகுப்பு. "மாப்ள, இஸ்திரி போட்ட சட்டை வேண்டாம். டாக்டர் 'எப்படி இருக்கீங்க'ன்னு கேப்பாரு. வாய் தவறி 'நல்லாருக்கேன்'னு சொல்லிராதீங்க."

மாப்பிள்ளை பணிவாகத் தலையாட்டுவார். உள்ளே போனதும் டாக்டர் கேட்பார். "நல்லாருக்கேன் சார். நீங்க நல்லாருக்கீங்களா?" என்பார் மாப்பிள்ளை. பொய்யில்லை. மூளையில் அடிபட்ட பலருக்குத் தங்களிடம் எது குறைந்துபோனது என்பதே தெரிவதில்லை. பால்காரருக்கு ஒரே மாதத்தில் இரண்டு முறை பணம் கொடுத்ததும், கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுத் தீப்பெட்டி தேடி மாடிக்குப் போனதும் மனைவிக்குத்தான் தெரியும். ஐந்து நிமிட நேர்காணலில் மரியாதை மட்டும்தான் வெளியே வரும். மரியாதைக்குச் சதவீதம் இல்லை.

அண்ணாச்சியின் நூறு யோசனைகளில் உருப்படியானது ஒன்று உண்டு. "தங்கச்சி, ஒரு நோட்டுப் போடுங்க. அவர் தெனமும் என்னத்த மறந்தாரு, எதுக்குக் கோவப்பட்டாருன்னு தேதி போட்டு எழுதுங்க. டாக்டர் கையில அதக் கொடுங்க." இதற்கு அவர் காசு வாங்குவதில்லை. டீச் செலவு மட்டும். அது சதவீதத்துக்கு ஏற்ப ஏறும்.

அட்டை கிடைத்தால் "நான் சொன்னேம்லா?" கிடைக்காவிட்டால் "டாக்டர் புதுசு." தற்காலிகச் சான்றிதழ் என்றால் முகத்தில் தனி மலர்ச்சி: மறுபடி வருவார்களே!

வந்தார்கள். தூரத்திலேயே பார்த்துவிட்ட அண்ணாச்சி, "வாங்க மாப்ள!" என்று இரண்டு கையையும் விரித்தார். மாப்பிள்ளை அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மனைவி பக்கம் திரும்பி, "யாரு இவரு?" என்றார்.

அண்ணாச்சி பூரித்துப் போனார். "அப்படிப் போடுங்க மாப்ள! இதையே உள்ள போய் டாக்டரப் பாத்துக் கேளுங்க!"