கிப்பர் குளிருக்கு ஒரு ஜாக்கெட் போதுமா?

கேள்வி: பனிச்சிறுத்தையைப் படமெடுக்க பிப்ரவரியில் ஸ்பிட்டி போகிறவருக்கு ஒரே ஒரு தடித்த ஜாக்கெட் போதாதா?

பதில்: சிறுத்தைக்குப் போதும், அது பிறக்கும்போதே போட்டுக்கொண்டு வந்தது. மனிதருக்குப் போதாது. இமாச்சலின் ஸ்பிட்டியில் உள்ள கிப்பர் கிராமம் சுமார் 4,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்கால இரவில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. மலையேறுபவருக்கு நடையே சூடு தரும். படமெடுப்பவரோ, தூங்கும் சிறுத்தை எழுந்திருக்கும்வரை மணிக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும்.

அடுக்கடுக்காக உடுத்துவதே சரி. உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர், அதன் மேல் ஃப்ளீஸ், பிறகு இறகு அடைத்த ஜாக்கெட், கடைசியில் காற்றுப் புகாத மேலங்கி. பருத்தி பனியன் கூடவே கூடாது: ஏற்றத்தில் வியர்வையைக் குடித்துவிட்டு, உட்கார்ந்ததும் ஈரத்துணியாக நெஞ்சில் ஒட்டி நடுங்க வைக்கும்.

கைதான் பெரும் சிக்கல். ஷட்டர் பொத்தான் விரலுக்குத் தட்டுப்படும்படி மெல்லிய கையுறை, அதன் மேல் நான்கு விரலும் ஒன்றாகப் புகும் தடித்த உறை. படமெடுக்கும் நேரம் மட்டும் மேலுறையைக் கழற்றலாம். காற்றில் பறக்காதபடி அதை மணிக்கட்டில் கயிற்றால் கட்டிக்கொள்வது நல்லது.

இரண்டு காலுறை போட்டு இறுக்கமான பூட்ஸில் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து கால்விரல் மரத்துப்போகும். ஓர் அளவு பெரிதாக வாங்க வேண்டும். ஜாக்கெட்டின் உள்பை கேமரா பேட்டரிக்கு. குளிரில் அது சீக்கிரம் சோர்ந்துவிடும். மனிதருக்கு அடுத்தபடி கதகதப்பு தேவைப்படுவது அதற்குத்தான்.