ஒட்டாத கட்டு: டாரட் உடைமையாளரின் இடர்ப்பாடு குறித்த சில முடிபுகள்

விலை கொடுத்து வாங்கிய டாரட் குறிச்சீட்டுக் கட்டு வாங்கியவரோடு பேச மறுக்கும் நிலையை இவ்வாய்வு ‘ஒட்டாமை’ எனக் குறிக்கும். அறிகுறிகள் ஐயத்துக்கு இடமற்றவை. கட்டைக் கலைத்து மூன்று சீட்டு உருவுகிறோம். மூன்றும் வாய் திறப்பதில்லை. கூடவே வந்த குட்டிப் புத்தகமோ மூச்சுவிடாமல் பேசுகிறது. நோய் முற்றியவர் அடுத்த கட்டு வாங்குகிறார்.

வழக்கிலுள்ள வைத்தியங்கள்: தலையணைக்கடியில் வைத்து உறங்குதல், பட்டுத்துணியில் சுற்றுதல், பௌர்ணமி நிலவில் கிடத்துதல், முதுகில் தட்டுதல், புகை காட்டுதல். இவற்றின் உச்சம் நேர்காணல். “உன் பலம் என்ன, பலவீனம் என்ன, நமக்குள் ஒத்துப்போகுமா” என்று சீட்டுக்கட்டிடமே கேட்டு, கேள்விக்கொரு சீட்டாகப் பதில் பெறுவது. பெண் பார்க்கும் சடங்கின் அத்தனை பதற்றமும் இதில் உண்டு. பஜ்ஜி மட்டும் இல்லை. முறையியல் நோக்கில் ஓர் ஆட்சேபம்: கட்டு பேசவில்லை என்பதுதானே புகார்? அதனிடமே வாக்குமூலம் வாங்குவது எப்படி?

நோய்க்கு அண்மைக் காரணம் ஓவியர் பமேலா கோல்மன் ஸ்மித். 1909இல் லண்டனில், மறைஞான எழுத்தாளர் ஆர்தர் எட்வர்ட் வெய்ட்டுக்காக இவர் வரைந்த கட்டில் எண் சீட்டுகளுக்கும் காட்சிகள் கிடைத்தன. பழைய மார்செய் மரபில் எட்டுக் கோப்பை என்றால் எட்டுக் கோப்பைதான். இவருடையதில், அடுக்கிய கோப்பைகளுக்கு முதுகு காட்டி ஒருவர் இரவில் மலைப்பக்கம் நடக்கிறார். பார்ப்பவருக்குத் தன் வேலையோ கல்யாணமோ உடனே நினைவுக்கு வந்துவிடும். இதில் பழகியவர் மார்செய்க் கட்டை ஊமை என்கிறார். அநியாயம், அது பாத்திரக்கணக்கைச் சரியாகத்தான் சொல்கிறது. (இத்தனை பேரைப் பேசவைத்த பமேலாவோ, பெரிய வேலைக்குச் சொற்பக் காசு என்று நண்பர் ஸ்டீக்லிட்ஸுக்குக் கடிதம் எழுதினார்.)

மறைஞானி அலிஸ்டர் குரோலிக்காக ஓவியர் ஃபிரீடா ஹாரிஸ் 1938 முதல் 1943 வரை தீட்டிய தோத் கட்டு தனி வகை. அது முறையான வண்ணக் கட்டாக வெளிவந்தது 1969இல். குரோலி 1947இலும் ஹாரிஸ் 1962இலும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பெற்றவர்களே கையிலெடுத்துக் கொஞ்சாத பிள்ளை நம்மிடம் ஒட்டவில்லை என்று முறையிடுவதில் பொருளில்லை.

இனி, இவ்வாய்வின் மையக் கருதுகோள்: ஒட்டாமை 1781க்குப் பிந்திய நோய். 15ஆம் நூற்றாண்டு வட இத்தாலியில் டாரட் வெறும் சீட்டாட்டம். கோப்பை, வாள், கோல், காசு என நான்கு வகையில் 56 சீட்டு, 21 துருப்பு, ஒரு கோமாளி. மரணம், கோபுரம், நிலா எல்லாமே பிடி எடுக்கத்தான். 1781இல் பாரிசில் கூர் த ஜெபலன் என்ற அறிஞர், இவை எகிப்தியரின் ஞானநூல் என்று அறிவித்தார். அன்று எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் உலகில் ஒருவரும் இல்லை. பிரெஞ்சு அறிஞர் சாம்போலியன் அதற்கு வழி கண்டது 1822இல். மறுப்பாரில்லாத வசதியில் கருத்து நிலைத்தது. அன்றிலிருந்து சீட்டுக்கு வாய் வந்தது. வாய் வந்ததால் பேசாமலிருக்கும் உரிமையும் வந்தது.

பிரான்சில் இன்றும் 78 சீட்டோடு டாரட் ஆடுகிறார்கள். 21ஆம் துருப்பு கையில் வந்தவருக்குக் கட்டோடு ஏற்படும் பிணைப்பை எந்த நிலவொளியும் தந்துவிடாது. கை மோசமானால் சீட்டுப் போட்டவரைத் திட்டுவார்கள், கட்டைச் சந்தேகிப்பதில்லை.

ஆகவே பரிந்துரை: ஒட்டாத கட்டை எடுத்து ஆடுக. நடைமுறைச் சிக்கல் ஒன்றுண்டு. இவ்வாட்டத்துக்கு வழக்கமாக நால்வர் வேண்டும். டாரட் சேகரிப்பவர் வீட்டில் கட்டுக்குப் பஞ்சமில்லை. மீதி மூவரை எங்கே பிடிப்பது என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.