ஞாயிற்றுக்கிழமை சோபாவுக்கு மருந்து

ஆஃபன்பாக், ஜெர்மனி

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவின் தோல் பையில் பால்பாயிண்ட் மை இறங்கிவிட்டதாகச் சொன்னாய். "அந்த ஊர்ல இதுக்கு நல்ல மருந்து இருக்குமே, ஒரு பாட்டில் வாங்கி அனுப்பேன்" என்றாய். பற்பசை போட்டுத் தேய்த்துப் பார்த்த பிறகுதான் என் ஞாபகம் வந்தது என்பதை மாமா பின்னாலிருந்து சொன்னதும் போனில் கேட்டது. பாட்டில் அனுப்ப வழியில்லை. ஸ்பிரிட் சேர்ந்த எதையும் விமானத் தபாலில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விஷயத்தை வேண்டுமானால் எழுதி அனுப்புகிறேன். தோலில் மைக்கறை பற்றி அம்பத்தூர் முதல் ஆவடி வரை என்னைவிட அதிகம் படித்தவன் இன்றைய தேதிக்குக் கிடையாது. எல்லாம் எங்கள் வீட்டுச் சோபாவின் புண்ணியம்.

எங்கள் சோபா என்பது பேச்சுக்கு. மேஜை, நாற்காலி, கரண்டி எல்லாம் சேர்த்து வாடகைக்கு வந்த வீடு இது. இங்கே சாவியைக் கையில் கொடுக்கும் முன் ஒரு ஒப்படைப்புப் பத்திரம் எழுதுவார்கள். அப்பா அயப்பாக்கம் மனைக்கு வாங்கிய வில்லங்கச் சான்றை நீ பார்த்திருக்கிறாய். அது இதன் கால் தூசி பெறாது. ஓனர் டார்ச் லைட்டோடு வந்தார். பட்டப்பகலில். சுவரில் ஆணி ஓட்டை 3, குளியலறை ஓட்டில் விரிசல் 1, சிறு கரண்டி 6, முள்கரண்டி 6, அதில் ஒன்று 'லேசாக வளைந்தது'. எவ்வளவு லேசாக என்பதில் அவருக்கே திருப்தியில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு 'மிக லேசாக' என்று திருத்தினார். திருத்தியதற்குத் தனியாக ஒரு கையெழுத்து. அன்றிலிருந்து அந்த முள்கரண்டியை நாங்கள் யாரும் தொடுவதில்லை. தப்பித் தவறி நிமிர்ந்துவிட்டால் அதற்கும் பதில் சொல்ல வேண்டுமே! பூ ஜாடிக்கு ஒரு வரி, கதவுக் குமிழுக்கு ஒரு வரி என்று போய், நான்காம் பக்கத்தில் சோபா: மூன்று பேர் அமர்வது, பசுந்தோல், பழுப்பு நிறம், இடது காலில் கீறல் ஒன்று, கறை இல்லை.

அந்தக் 'கறை இல்லை' என்ற இடத்தில்தான் என் கையெழுத்து இருக்கிறது.

கரையான்சாவடிப் பையன் ஒருவன் என்னோடு தங்கியிருக்கிறான் அல்லவா, அவன் போன ஞாயிறு சோபாவில் சாய்ந்துகொண்டு ஏதோ விண்ணப்பம் பூர்த்தி செய்துகொண்டிருந்தான். இந்த நாட்டில் விண்ணப்பம் பூர்த்தி செய்யாத ஞாயிறு கிடையாது. அப்படியே தூங்கிவிட்டான். கையிலிருந்த பேனா தூங்கவில்லை. எழுந்து பார்த்தால் கைப்பிடியில் ஒரு நீலக் கோடு. கை நின்ற இடத்திலெல்லாம் ஒரு பொட்டு. வில்லிவாக்கத்தில் ஆரம்பித்து கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அன்னனூர் என்று ஒரு ஸ்டேஷன் விடாமல் நின்று ஆவடியில் முடிகிற லோக்கல் ரயில் வரைபடம் மாதிரியே இருந்தது. அவன் கைக்குட்டையை நனைத்துத் தேய்த்ததில் அம்பத்தூர் மட்டும் கொஞ்சம் விரிவடைந்தது.

உடனே ஊரெல்லாம் போன். அவன் அம்மா பாலில் ஊறவைக்கச் சொன்னார். மூன்று பேர் உட்காரும் சோபாவை எந்தப் பாத்திரத்தில் ஊறவைப்பது? சித்தி எலுமிச்சம்பழமும் உப்பும் என்றாள். அது சோபாவுக்கா ஊறுகாய்க்கா என்று கேட்டேன், போனை வைத்துவிட்டாள். இன்னொருவர் நகப்பூச்சு அழிக்கும் திரவம் என்றார். நல்லவேளை, அது வீட்டில் இல்லை. அதில் அசிட்டோன் இருக்கும். மையோடு சேர்த்துத் தோலின் மேல்பூச்சையும் கரைத்துவிடும். ஹேர் ஸ்பிரே கதை வேறு. முன்பெல்லாம் அதில் ஆல்கஹால் நிறைய இருந்ததால் மை கரைந்தது, இப்போது வருவதில் பலவற்றில் அந்த அளவு இருப்பதில்லை.

சரி, ஸ்பிரிட் வாங்கலாம் என்று கிளம்பினால் ஞாயிற்றுக்கிழமை. இங்கே ஞாயிறு என்றால் கடையடைப்பு. யாரும் கொடி பிடிக்காமல் சட்டமே நடத்துகிற பந்த். சுவரில் துளை போடக்கூடாது, புல் வெட்டக்கூடாது, காலி பாட்டிலைக் கொண்டுபோய்த் தொட்டியில் போடக்கூட முடியாது, சத்தம் வருமாம். நம் ஊரில் ராத்திரி பத்து மணிக்கு அம்பத்தூர் ஓ.டி.யில் இறங்கினால் மெடிக்கல் ஷாப்புக்கு மெடிக்கல் ஷாப், பழக்கடை, பரோட்டாக் கடை. எத்தனை தடவை அந்த நெரிசலைத் திட்டியிருப்பேன்!

முறை வைத்து ஒரு மருந்துக் கடை மட்டும் அவசரத்துக்குத் திறந்திருக்கும். திறந்திருக்கும் என்றால் கதவு திறக்காது. மணியடித்தால் கதவில் உள்ள சிறு ஜன்னல் திறக்கும். எனக்கு முன்னால் காய்ச்சல் குழந்தையோடு ஒருவர். என் முறை வந்தது. "யாருக்கு?" என்றார் அந்த அம்மா. "சோபாவுக்கு" என்றேன். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. எத்தனை நாளாக, எந்த இடத்தில், இதுவரை என்ன செய்தீர்கள் என்று டாக்டர் மாதிரி விசாரித்தார். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சின்ன பாட்டில் கொடுத்தார். அதன் விலைக்கு மேல் அவசர வேளைக் கட்டணம் 2.50 யூரோ. உயிர் காக்கும் மாத்திரைக்கும் அதே 2.50, சோபாவுக்கும் அதே 2.50. சமதர்மம் என்று ஆவடி காங்கிரஸ் மாநாட்டில் 1955-ல் தீர்மானம் போட்டார்களே, அதை நான் கண்ணால் கண்டது இந்த ஜன்னலில்தான்.

"முதலில் கண்ணுக்குப் படாத இடத்தில் தொட்டுப் பாருங்கள்" என்றார். தொட்டுப் பார்த்தோம். பஞ்சு பழுப்பாக வந்தது. மை இல்லாத இடத்தில் பஞ்சு நிறம் மாறினால் வருவது சோபாவின் சாயம். அத்தோடு நிறுத்திவிட்டோம். அங்கே இப்போது வெளிறிய ஒரு பொட்டு இருக்கிறது. மேலே ஆவடி லைன், அடியில் அது.

இதன் சூட்சுமம் என்னவென்றால், பால்பாயிண்ட் மை எண்ணெய்ப் பிசுக்கான கரைப்பானில் சாயத்தைக் கரைத்துச் செய்வது. தண்ணீருக்கு அசையாது, ஸ்பிரிட்டுக்கு அசையும். ஆனால் தோலுக்குப் போட்டிருப்பதும் சாயம்தானே, ஸ்பிரிட் இரண்டுக்கும் வித்தியாசம் பார்க்காது. அந்தக் காலத்து மை இதைவிடப் பொல்லாதது. கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியைப் போட்டால் கறுப்பு மை. அதே கடுக்காயும் ஆவாரம்பட்டையும்தான் நம் பக்கம் தோல் பதனிடுகிற சரக்கு. துவர்ப்பில் பதனிட்ட தோலில் அந்த மை விழுந்தால் இரண்டும் ஒரே குடும்பம், பிரிக்க முடியாது.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட இடத்தைச் சொன்னால் சிரிப்பாய். நான் இருக்கும் இந்த ஆஃபன்பாக், தோல் பைகளுக்குப் பேர்போன ஊர். 1917-ல் தொடங்கிய தோல் மியூசியமே இருக்கிறது. சோபா துக்கத்தில் அங்கே டிக்கெட் எடுத்துப் போனேன். நம் அடையாறில் 1948-லிருந்து மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, குரோம்பேட்டைக்குப் பெயரே குரோம் தோல் ஆலையால் வந்தது, ராணிப்பேட்டையும் ஆம்பூரும் வாணியம்பாடியும் உலகத்துக்கே செருப்பும் தோலும் அனுப்புகின்றன. ஆனால் ஊரில் இருந்தவரை ரெக்சினைத் தவிர வேறெதிலும் உட்கார்ந்ததில்லை. நம் வீட்டு ரெக்சின் சோபாவில் உன் பையன் பதினாறாம் வாய்ப்பாடு முழுக்க எழுதியபோது அம்மா ஒரு வார்த்தை கேட்டாளா? இங்கே ஒரு செத்த மாட்டின் தோலுக்கு நான் காவல்காரன், அதற்கு மாச வாடகை வேறு.

மாமாவின் பைக்கு வருகிறேன். மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடு. சொட்டு அப்படியே நின்றால் மேல்பூச்சு உள்ள தோல், உறிஞ்சிக்கொண்டால் பூச்சில்லாத தோல். பூச்சில்லாததாக இருந்தால் தயவுசெய்து எதுவும் செய்யாதே, மை அடிவரை போயிருக்கும். பூச்சு இருந்தால் மிதமான சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றிப் பார். போகவில்லையென்றால் மெடிக்கலில் சர்ஜிகல் ஸ்பிரிட் வாங்கி, காது குடையும் பட்ஸில் நனைத்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றி எடு. ஒவ்வொரு ஒற்றலுக்கும் புது பட்ஸ். பழையதையே வைத்தால் எடுத்த மையை அடுத்த இடத்தில் வைப்பாய். பட்ஸில் பையின் நிறம் வந்தால் நிறுத்திவிடு. தேங்காய் எண்ணெய் தடவாதே, தோல் கறுத்துவிடும். மாமா பற்பசையால் மேல்பூச்சைச் சுரண்டியிருந்தால் சாயம் ஏற்றுவதுதான் வழி. பெரியமேட்டில் தோல் சாமான் விற்கும் கடைகளில் விசாரிக்கச் சொல்.

என் கதை இன்னும் முடியவில்லை. ஆபீசில் சொன்னதும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "இன்ஷூரன்ஸ் இருக்கிறதா?" அடுத்தவர் பொருளுக்கு நாம் செய்யும் சேதத்துக்கு இங்கே ஆளாளுக்கு ஒரு பாலிசி வைத்திருக்கிறார்கள். பந்தடித்துப் பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைத்தால் பாலிசி, விருந்துக்குப் போய் அவர்கள் ஜாடியைத் தள்ளிவிட்டால் பாலிசி. திட்டு வாங்குவதற்கு மட்டும்தான் இல்லை. நம் கரையான்சாவடிக்காரன் மாசம் சில யூரோ மிச்சம் பிடித்து அதை எடுக்காமல் விட்டிருக்கிறான். எடுத்திருந்தாலும் சோபாவின் வயதைக் கழித்து இன்றைய மதிப்புதான் கொடுப்பார்களாம்.

இங்கே அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்று சட்டம். அந்தவரை நம் ஊர்ப் பத்து மாத அட்வான்ஸுக்கு இது தேவலை. ஆனால் அந்த மூன்று மாதம் இப்போது ஓனரின் டார்ச் லைட்டை நம்பி இருக்கிறது. அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம், மாமாவிடம் சொல், அவருக்கும் ஒரு ஆறுதல். வெள்ளிக்கிழமை திருவேற்காடு போனால் எனக்காகக் கருமாரியம்மனிடம் ஒரு வேண்டுதல் வை: வீட்டைக் காலி செய்கிற அன்று இங்கே வானம் நன்றாக மூடியிருக்க வேண்டும், அந்த டார்ச்சில் பேட்டரி தீர்ந்திருக்க வேண்டும். எலுமிச்சம்பழ மாலைக்கான பணம் என் கணக்கு.

அன்புடன்,
உன் தம்பி